கன்னியம்மாள் ஆஜர்

கன்னியம்மாள் இறந்து நான்கு மாதம் ஆன பிறகு அவள் பெயருக்கு ஒரு பதிவுத் தபால் வந்தது.

"பொருள்: பௌர்ணமி ஷாம்பூ, தரச் சான்று கோரியது தொடர்பாக. கடந்த மூன்று விசாரணைகளிலும் தாங்கள் நேரில் ஆஜரானீர்கள். எனினும் தங்கள் விளக்கம் திருப்திகரமாக இல்லை. நான்காவது விசாரணைக்கும் இதேபோல் தவறாமல் ஆஜராகும்படி கேட்டுக்கொள்ளப்படுகிறீர்கள்."

இதேபோல் என்ற இடத்துக்கு வந்ததும் அவள் புருஷன் அப்பாதுரை மறுபடியும் மேலிருந்து படித்தான். மே மாதம் இரண்டாவது வாரத்தில், நெஞ்சை அடைக்கிறது என்று சமையலறைத் தரையில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. அவனே தூக்கினான், அவனே கொள்ளி வைத்தான். விசாரணை நடந்ததாகச் சொல்லும் தேதிகளோ ஜூன், ஜூலை, ஆகஸ்ட். கடிதத்தை மூன்று முறை படித்தும் தேதிகள் மாறவில்லை.

அப்பாதுரை திருவண்ணாமலை பஸ் நிலையத்தில் நேரக் காப்பாளர். ஒரு மேசை, ஒரு ஒலிபெருக்கி, ஒரு நோட்டு. நோட்டில் இரண்டு கட்டம்: வந்த நேரம், போன நேரம். இருபத்திரண்டு வருஷமாக அவன் வராத வண்டியை வந்ததாக எழுதியதில்லை. எவ்வளவோ கண்டக்டர்கள் டீ வாங்கிக் கொடுத்துக் கெஞ்சியிருக்கிறார்கள். டீயைக் குடித்துவிட்டு, வராத வண்டிக்கு நேராகக் கோடு போட்டிருக்கிறான். அப்படிப்பட்டவனுக்கு, தன் மனைவி மூன்று முறை வந்திருக்கிறாள் என்று ஓர் அலுவலகம் எழுத்தில் சொன்னால் எப்படி இருக்கும்? பொய் என்று தள்ளிவிட மனசு வரவில்லை. எழுதியிருக்கிறார்களே என்று தோன்றியது.

கன்னியம்மாள் கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் கடலைக்காட்டுக் குடும்பத்திலிருந்து வந்து பி.எஸ்ஸி. வேதியியல் படித்தவள். படித்த படிப்புக்கு வேலை கிடைக்கவில்லை, அப்பாதுரை கிடைத்தான். பிள்ளையும் இல்லை. பிளஸ் டூ பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்தாள். நாற்பது வயதுக்கு மேல் ஒருநாள் திடீரென்று, கிரிவலத்துக்கு வந்து லாட்ஜில் தங்குகிறவர்களுக்கு ஷாம்பூ செய்து விற்கப்போகிறேன் என்றாள். சென்னைப் பாரிமுனையிலிருந்து நுரைக்கும் சோப்புத் திரவம் வந்தது. கொத்தவரை விதையிலிருந்து எடுத்து ஏதோ பக்குவம் செய்த பிசின் மாவு வந்தது. இந்தப் பிசின்தான் பாலிமர், ஒரே மணியை ஆயிரம் தடவை கோத்த நீளமான சரடு என்று அவள் சொன்னாள்.

ஜன்னல் ஓரத்தில் நாற்பது சீசாக்களை எண் போட்டு வரிசையாக வைத்தாள். எல்லாவற்றிலும் பிசின் ஒரே அளவு. சோப்பு மட்டும் சீசாவுக்குச் சீசா கொஞ்சம் ஏறிக்கொண்டு போகும். முதல் பத்து தெளிவாக இருந்தது. பிறகு கலங்கியது. இருபதாவது சீசாவில் பால் திரிந்த கோலம், அடியில் கட்டியாக ஒன்று, மேலே வெறும் தண்ணீர். முப்பதுக்கு மேல் பார்த்தால் மறுபடியும் கண்ணாடி மாதிரி தெளிவு.

"இன்னாது இது, தெளிஞ்சு இருந்தது கெட்டுப்போயி, கெட்டது திரும்பத் தெளிஞ்சு கெடக்குது?" என்று அவன் கேட்டான்.

"சோப்பு கம்மியா இருந்தா பிசின் கண்டுக்காதுங்க. ரெண்டும் சரிக்குச் சரியா இருந்தா ஒண்ண ஒண்ணு கட்டிப் புடிச்சிக்கும். கட்டிப் புடிச்சதுக்கு அப்புறம் அதுங்களுக்குத் தண்ணி எதுக்கு? ரெண்டும் சேர்ந்து தண்ணிய விட்டு வெளிய வந்துடும். சோப்பு ஜாஸ்தியானா, சுத்தி நின்னு தாங்கிப் புடிச்சு திரும்பவும் தண்ணிக்குள்ள இழுத்துக்கும்."

"அப்போ முப்பதாவது சீசாவ விக்கலாம்."

"விக்கலாம். ஆனா அதோட வேலை சீசாக்குள்ள இல்லீங்க. தலையில தேச்சு தண்ணி ஊத்துறப்போ சோப்பு கரைஞ்சு கம்மியாகும். உடனே அது இருபதாவது சீசாவா மாறிடும். தண்ணிய விட்டுட்டு வந்து முடியில படியும். பிரியணுங்க. பிரிஞ்சாதான் ஒட்டும்."

இவ்வளவுதான் அப்பாதுரைக்குத் தெரிந்த வேதியியல். வெட்டிவேர் வாசனை சேர்த்து, பௌர்ணமி என்று பெயர் வைத்து, சீசாவில் தன் கையாலேயே பெயரை எழுதி ஒட்டினாள். லாட்ஜ்காரர்கள் அரசாங்கத் தரச் சான்று இருந்தால் வாங்குகிறோம் என்றார்கள். அதனால் ஏப்ரல் மாதம், கடைசியாகக் காய்ச்சிய இருபது சீசாக்களில் மூன்றை எடுத்துக்கொண்டு, கலெக்டர் ஆபீஸ் இருக்கும் வேங்கிக்கால் போய், திரவப் பொருள் தர உறுதி அலுவலகத்தில் கொடுத்துவிட்டு வந்தாள். மே மாதம் போய்ச் சேர்ந்தாள்.

மீதிப் பதினேழு சீசா காரியத்தன்று தீர்ந்தது. எண்ணெய் தேய்த்துக் குளித்த உறவுக்காரர்கள் அலமாரியில் இருந்ததை எடுத்துப் போட்டுக்கொண்டார்கள். அன்று அந்தச் சாவு வீட்டில் மினுமினுத்த தலைகளை எந்தக் கல்யாண வீட்டிலும் பார்த்திருக்க முடியாது. அப்பாதுரை பந்தல்காரனிடம் பேசிவிட்டு உள்ளே வந்தபோது காலிச் சீசாக்கள்தான் கிடந்தன. பிறகு அவனே இரண்டு முறை காய்ச்சிப் பார்த்தான். இரண்டு முறையும் திரிந்த பால்தான் வந்தது. அன்றிலிருந்து அவன் தலைக்கு வெறும் தண்ணீர்தான். முடி தேங்காய் நார் ஆகிவிட்டது.

ஜன்னல் ஓரத்து நாற்பதையும் அவளே முன்பே கொட்டிக் கழுவிவிட்டாள். ஆக, அவள் கையால் கலந்தது உலகத்தில் மூன்றே சீசாதான் இருந்தது, அதுவும் அலுவலகத்தில். அதில் ஒன்றாவது அவனுக்கு வேண்டும். அந்த ஆசையோடும் அந்தக் கடிதத்தோடும் அவன் வேலூர் வண்டி ஏறி வேங்கிக்காலில் இறங்கினான்.

அலுவலக எழுத்தர் சகாதேவன் கடிதத்தைப் பார்த்துவிட்டு வருகைப் பதிவேட்டை விரித்தார். இருந்தது. ஜூன் பதின்மூன்று, கன்னியம்மாள், ஆஜர், வந்த நேரம் பத்து முப்பது. ஜூலை, பத்து முப்பது. ஆகஸ்ட், பத்து முப்பத்தைந்து.

"ஆகஸ்ட்ல அஞ்சு நிமிஷம் லேட்டு" என்றார் சகாதேவன். "ஐயா பெருந்தன்மையா விட்டுட்டார்."

"சார், அவ மே மாசமே செத்துட்டா."

சகாதேவன் பேனாவை மூடி வைத்தார். வருத்தப்படும் மனிதர்தான். "அடப்பாவமே" என்றார். பிறகு, "எங்களுக்கு யாரும் சொல்லலியே" என்றார்.

"வராதவள எப்படி சார் வந்தான்னு எழுதினீங்க?"

"நடைமுறை இன்னான்னா, வாசல்ல நின்னு மூணு தரம் பேர் சொல்லிக் கூப்புடுவோம். வரலன்னு யாராவது சொன்னா ஆஜராகலன்னு எழுதுவோம். யாரும் சொல்லலன்னா ஆஜர்."

"அவ வரலன்னு யாரு சார் வந்து சொல்லுவா?"

"அதத்தான் நானும் சொல்றேன். யாரும் வந்து சொல்லல. ஆஜராகலன்னு எழுதினா விசாரணைய ஒத்தி வெக்கணும். ஒத்தி வெச்சா பெண்டிங். பெண்டிங் ஜாஸ்தியானா, இந்த ஆபீஸ் எதுக்குன்னு மேல கேப்பாங்க. பத்து வருஷமா எங்க ஆபீஸ்ல ஒருத்தர்கூட ஆஜராகாம இருந்தது இல்ல. அதுக்குக் கேடயம் குடுத்திருக்காங்க." சுவரில் கேடயம் மாட்டியிருந்தது.

அப்பாதுரை பதிவேட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். தொழில் புத்தி போகுமா. "வந்த நேரம் இருக்குது. போன நேரத்துக்குக் கட்டமே இல்லியே சார்" என்றான்.

"போறதப் பத்தி எங்களுக்கு விதி எதுவும் இல்லீங்க" என்றார் சகாதேவன்.

சாயங்காலம் ஐந்தே முக்கால் வரை அப்பாதுரை கேட்டுக்கு எதிரே புளியமரத்தடியில் நின்றான். எதற்கு நிற்கிறோம் என்று அவனுக்கே வெட்கமாக இருந்தது. ஊழியர்கள் ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். சகாதேவன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். காவலாளி ஜன்னல்களைச் சாத்திக் கேட்டைப் பூட்டினான். மூன்று தடவை உள்ளே போனவள் ஒரு தடவைகூட வெளியே வந்ததாகப் பதிவு இல்லை என்ற நினைப்பு அவனுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. வீடு திரும்பினால் வீடு காலியாக இருந்தது. நான்கு மாதமாகக் காலியாகத்தான் இருந்தது. அன்றைக்கோ, அவள் அங்கே இருப்பதால் இங்கே இல்லை என்கிற மாதிரி இருந்தது. அது அவனுக்கு ஒருவகையில் ஆறுதலாகவும் இருந்தது என்பதை மறைப்பானேன்.

அக்டோபரில் நடந்த நான்காவது விசாரணைக்கு இறப்புச் சான்றிதழோடு போனான். சகாதேவன் வாசலில் நின்று மூன்று முறை கூப்பிட்டார். "கன்னியம்மா... கன்னியம்மா... கன்னியம்மா..." அப்பாதுரை காரிடாரில் உட்கார்ந்திருந்தான். ஐந்து மாதமாக அவன் காதுபட அந்தப் பெயரைச் சத்தம் போட்டு யாரும் கூப்பிட்டிருக்கவில்லை. வரலீங்க என்று சொல்லத்தான் வாயைத் திறந்தான். அந்த நேரம் பார்த்து ஹாலுக்குள்ளிருந்து வெட்டிவேர் வாசனை வந்தது.

சந்தேகமே இல்லை. அவளுடைய வாசனை. தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தோடு சமையலறையில் நடமாடும்போது வருகிற வாசனை. அப்பாதுரை வாயை மூடிக்கொண்டான். யாரும் ஒன்றும் சொல்லாததால் சகாதேவன் ஆஜர் என்று எழுதினார்.

ஹாலில் ஒரு நீள மேசை. அதற்குப் பின்னால் துணை இயக்குநர் அறிவுச்செல்வன், ஐம்பது வயது, வாரிய தலை, சலவைச் சட்டை. மேசைக்கு முன்னால் இரண்டு நாற்காலி. ஒன்றில் அப்பாதுரையை உட்காரச் சொன்னார்கள். மற்றது உற்பத்தியாளருக்கு. அப்பாதுரை இறப்புச் சான்றிதழை நீட்டினான்.

அறிவுச்செல்வன் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "மே பதினொண்ணுன்னு போட்டிருக்கு. ஜூன்ல இந்த அம்மா எங்ககிட்ட ஆஜராகி இருக்காங்க. இதுவும் அரசு ஆவணம், எங்க பதிவேடும் அரசு ஆவணம். இது ஒரே ஒரு தடவை செத்ததாச் சொல்லுது. எங்க பதிவேடு இன்னையோட நாலு தடவை வந்ததாச் சொல்லுது. எதுக்கு வலு ஜாஸ்தின்னு நீங்களே சொல்லுங்க."

"நானே கொள்ளி வெச்சேன் சார்."

"உங்க துக்கத்த நான் மதிக்கிறேன். இறந்துட்டாங்கன்னு அவங்களே நேர்ல வந்து எழுதிக் குடுத்தா ஏத்துக்குவோம். அதுல நாங்க எந்தத் தடையும் வெக்க மாட்டோம்."

பிறகு சோதனை. ஆய்வக உதவியாளர் கீதாஞ்சலி, முதல் சீசாவில் மிச்சமிருந்ததைக் கொண்டுவந்தாள். கண்ணாடிக் குவளையில் ஒரு பங்கு ஷாம்பூ, ஒன்பது பங்கு தண்ணீர். இதுதான் விதி. அந்த விதியை பினாயிலுக்காக எழுதினார்கள். தண்ணீரில் வெளுத்தால் அது நல்ல பினாயில். வெளுக்காவிட்டால் மற்ற நல்ல திரவம். உலகத்தில் உள்ள எல்லாத் திரவங்களையும் இந்த ஒரு விதியால் அளந்துவிட்டார்கள் என்பதில் அந்த அலுவலகத்துக்குப் பெருமை உண்டு.

குவளை வெளுத்தது. கொஞ்ச நேரத்தில் வெள்ளை மெல்ல இறங்கி அடியில் தங்கியது. மேலே தெளிந்த தண்ணீர்.

"பாருங்க" என்றார் அறிவுச்செல்வன். "சீசாவுல ஒத்துமையா இருக்கிற மாதிரி நடிச்சிட்டு, தண்ணி பட்டதும் பிரிஞ்சு போகுது. இருபத்தாறு வருஷ சர்வீஸ்ல சொல்றேன், எனக்கு இந்தப் பிரிவினைதான் பிடிக்காது. எங்க ஆபீஸையே எடுத்துக்குங்க. நானும் ஊழியர்களும் ஒரே கலவை. நான் சொல்றத அவங்க கேப்பாங்க, அவங்க சொல்றத நான் கேக்கறதில்ல. எங்கயாவது படிவு விழுதா?"

கீதாஞ்சலி குனிந்துகொண்டாள்.

"சார், பிரியறதுதான் அதோட வேலை" என்றான் அப்பாதுரை. அவள் சொன்னதை அவள் சொன்னபடியே சொல்ல முயன்றான். "தலையில தண்ணி ஊத்தினா சோப்பு கம்மியாகி, பிசினும் சோப்பும் சேர்ந்து தண்ணிய விட்டு வந்து முடியில படியும். பிரிஞ்சாதான் ஒட்டும் சார்."

"நீங்க யாரு?"

"புருஷன்."

"விளக்கம் உற்பத்தியாளர்தான் குடுக்கணும்." அறிவுச்செல்வன் காலி நாற்காலிப் பக்கம் திரும்பி, குரலைத் தணித்துக்கொண்டு, "சொல்லுங்கம்மா" என்றார்.

ஹால் அமைதியாக இருந்தது. மின்விசிறி சுற்றியது. வெட்டிவேர் வாசனை வந்தது. அப்பாதுரை நாற்காலியைப் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டான். ஒரு நிமிஷம் கழித்து அறிவுச்செல்வன் தலையாட்ட, சகாதேவன் எழுதினார்: உற்பத்தியாளர் மௌனம் சாதித்தார்.

நவம்பரில் விஷயம் இன்னும் முற்றியது. குவளையில் இரண்டு அடுக்கு இருப்பதால் இரண்டு மாதிரி என்று முடிவு செய்து இரண்டு கோப்பு போட்டிருந்தார்கள். மேலடுக்குக் கோப்பு, கீழடுக்குக் கோப்பு. மேலடுக்கில் சோப்பு போதவில்லை என்று ஒரு குறிப்பு, கீழடுக்கில் தண்ணீர் போதவில்லை என்று ஒரு குறிப்பு. இரண்டு அடுக்கையும் சமரசம் செய்ய ஒரு முயற்சியும் நடந்திருந்தது. உப்புப் போட்டால் பிசினும் சோப்பும் பிடியை விடும் என்று கீதாஞ்சலி சொல்ல, அலுவலகமே ஒரு கிலோ உப்பு வாங்கியது. போட்டார்கள், தெளிந்தது. சமரசம் வெற்றி, ஆனால் இது உப்புத் தண்ணீர் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார் துணை இயக்குநர்.

"ஒரு வழி இருக்கு" என்றார் அவர். "தண்ணியில வெளுக்குது இல்ல? பினாயில்னு விண்ணப்பத்த மாத்திக் குடுங்க. இப்பவே சான்று குடுத்துடறேன். முதல் தரம்னு போட்டுத் தரேன்."

அப்பாதுரை நாற்காலியை விட்டு எழுந்தான். "அவ தலைக்குன்னு செஞ்சா சார்" என்றான். "எனக்குச் சான்று வேணாம். ஒரு சீசா குடுங்க, போதும்."

"மாதிரிய உற்பத்தியாளர்கிட்டதான் திருப்பிக் குடுக்க முடியும். அவங்கதான் தவறாம வராங்களே. ஏன் கேக்காம இருக்காங்கன்னு நீங்க வீட்ல கேட்டுப் பாருங்க."

வெளியே வந்து மறுபடியும் புளியமரத்தடி. இப்போதெல்லாம் அவன் இரண்டு பேருக்குப் புளிசாதம் கட்டிக்கொண்டு வருகிறான். வேலைக்கு விடுப்புப் போடுகிறான். பஸ் நிலையத்தில் கூட்டாளிகள், கலெக்டர் ஆபீஸ் பக்கம் வீடு பார்க்கிறாயா என்று கிண்டல் செய்கிறார்கள். அவன் சிரிக்கிறான். ஊரில், உலகத்தில், சொந்தக்காரர் வீடுகளில் கன்னியம்மாள் செத்துப்போனவள். அந்த ஒரு கட்டடத்தில் மட்டும் அவள் பத்து முப்பதுக்கு வருகிறாள், உட்காருகிறாள், மௌனம் சாதிக்கிறாள். பத்திரமாக இருக்கிறாள் என்று நினைத்தால் மனசு இளகும். பூட்டி வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தால் சோறு இறங்காது. ராத்திரி படுத்தால் இந்த இரண்டும் மாறி மாறி வந்தது.

அந்த விசாரணைக்கு மறுநாள் ஒரு மனு எழுதிக்கொண்டு துணை இயக்குநர் அறைக்கே போனான். அறையில் ஆள் இல்லை. உள்ளே குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம். அறை முழுக்க வெட்டிவேர். அப்பாதுரை சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். கதவு திறந்தது. உள்ளேயிருந்து, கழுத்தில் துண்டோடு அறிவுச்செல்வன் வந்தார். தலை ஈரமாக மினுமினுத்தது. அவருக்குப் பின்னால் குளியலறைத் தட்டில் ஒரு சீசா. அரக்கு முத்திரை உடைந்திருந்தது. பௌர்ணமி என்று அவள் கையெழுத்து. அடியில் ஒரு விரல் உயரத்துக்கு மிச்சம்.

ஒரு நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது. ஹாலுக்கு வந்த வாசனை இந்தத் தலையிலிருந்து வந்தது. அவள் வரவில்லை. ஒரு தடவைகூட வரவில்லை. அவளை இரண்டாவது தடவையாகத் தூக்கிக்கொண்டு போனது மாதிரி இருந்தது அவனுக்கு.

"இது நேரடி ஆய்வு" என்றார் அறிவுச்செல்வன், கொஞ்சமும் தடுமாறாமல். "இரண்டாவது மாதிரி எப்பவும் என் நேரடிப் பொறுப்புல இருக்கணும்னு விதி. உண்மையச் சொல்லணும்னா, பதினஞ்சு வருஷமா கொட்டிக்கிட்டு இருந்த முடி நின்னு போச்சு. என் சம்சாரம்கூட இன்னா சமாசாரம்னு கேக்கறா. அருமையான சரக்கு. இருந்தாலும் தடை பண்ணித்தான் ஆகணும். நல்லா இருக்குதுன்றதுக்காகச் சான்று குடுக்க ஆரம்பிச்சா அப்புறம் விதி எதுக்கு?"

அப்பாதுரைக்கு அந்த மனிதரை அடிக்கக் கை வரவில்லை. அந்தத் தலையைப் பிடித்து ஒரு தடவை முகர்ந்து பார்க்க வேண்டும் என்றுதான் இருந்தது. அதற்காக அவன் தன்னையே வெறுத்தான். "மிச்சம் இருக்கறதையாவது குடுங்க சார்" என்றான்.

"அரசு சொத்து" என்றார் அவர், தலையைத் துவட்டிக்கொண்டே.

இறுதி உத்தரவு கார்த்திகை தீபத்துக்கு ஒரு வாரம் முன்னால் வந்தது. பௌர்ணமி ஷாம்பூ தரமற்றது. மீதமுள்ள மூன்றாவது சீசா, உற்பத்தியாளர் முன்னிலையில், பத்து மடங்கு தண்ணீர் சேர்த்துச் சாக்கடையில் விட்டு அழிக்கப்படும். பஸ் நிலையத்தில் சிறப்பு வண்டிகளுக்கு நோட்டுப் போதாத நேரம் அது. அப்பாதுரை அரைநாள் விடுப்புக் கேட்டுத் திட்டு வாங்கிக்கொண்டு போனான்.

சகாதேவன் வாசலில் நின்று இரண்டு முறை கூப்பிட்டார். மூன்றாவது முறை கூப்பிடும் முன் அப்பாதுரையைப் பார்த்தார். அவன் வரலீங்க என்று சொன்னால் விசாரணை ஒத்திப் போகும், சீசா பீரோவிலேயே இருக்கும், மாதாமாதம் அவளும் பத்து முப்பதுக்கு வந்துகொண்டே இருப்பாள். அவன் பென்ஷன் வாங்கிய பிறகும் வருவாள். கேடயத்துக்குப் பக்கத்தில் இன்னொரு கேடயம் மாட்டுவார்கள். அப்பாதுரை அதை நினைத்துப் பார்த்தான். ஆசையாக இருந்தது. ஆசையாக இருந்ததே பயமாகவும் இருந்தது.

"எழுதுங்க சார்" என்றான். "ஆஜர்."

அலுவலகத்துக்குப் பின்னால் திறந்த சாக்கடை. கீதாஞ்சலி ஒரு கையில் சீசாவும் ஒரு கையில் குடமுமாக வந்தாள். துணை இயக்குநர், மேற்பார்வைக்கு நாற்காலி போடச் சொல்லி உட்கார்ந்தார். அப்பாதுரை சட்டையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு, சாக்கடை ஓரத்துக் கல்லில் குந்தி, தலையை நீட்டினான்.

"இன்னா பண்றீங்க?" என்றார் அறிவுச்செல்வன்.

"சீசாவுல இருந்து சாக்கடைக்குப் போகணும், பத்து பங்கு தண்ணி சேரணும். அவ்வளவுதானே சார் உத்தரவு? நடுவுல என் தலை இருந்தா இன்னா?"

அறிவுச்செல்வன் சகாதேவனைப் பார்த்தார். சகாதேவன் விதிப் புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினார். "தலையப் பத்தி விதியில எதுவும் இல்லீங்க ஐயா" என்றார்.

கீதாஞ்சலி முத்திரையை உடைத்தாள். யார் சொல்லுக்கும் காத்திருக்கவில்லை. சீசா முழுவதையும் அவன் தலையில் ஊற்றி, "தேய்ங்க அண்ணே, அவசரம் இல்ல" என்று மெல்லச் சொன்னாள். ஏழு மாதத்து நார் முடியில் நுரை ஏறவே நேரம் பிடித்தது. பிறகு ஏறியது. வாசனை எழுந்தது, இந்தத் தடவை எங்கிருந்து வருகிறது என்று தேட வேண்டியிருக்கவில்லை. கீதாஞ்சலி தண்ணீரைச் சொம்பு சொம்பாக ஊற்றினாள். காதோரம் வழிந்தது வெள்ளையாக வழிந்தது. அவன் விரல்களுக்கு அடியில் முடி, பிடித்துக்கொள்ள முடியாத அளவுக்கு வழுவழுவென்று மாறியது. தண்ணீர் தன்பாட்டுக்குச் சாக்கடையில் போனது. கன்னியம்மாள் சொன்னது முடியில் தங்கிவிட்டது. அப்பாதுரை குந்தியபடியே அழுதான். முகமெல்லாம் தண்ணீராக இருந்ததால் அலுவலகக் கவனத்துக்கு அது வரவில்லை.

"அழிக்கப்பட்டது" என்று சகாதேவன் எழுதினார். "உற்பத்தியாளர் முன்னிலையில்."

ஈரத் தலையோடு அப்பாதுரை பதிவேட்டை வாங்கினான். மேசையிலிருந்த அளவுகோலை எடுத்து, ஆஜர் கட்டத்துக்குப் பக்கத்தில் நேராக ஒரு கோடு போட்டான். மேலே போன நேரம் என்று எழுதினான். இருபத்திரண்டு வருஷப் பழக்கம், கோடு கொஞ்சமும் கோணவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். கன்னியம்மாளின் பெயருக்கு நேராகப் பதினொன்று நாற்பது என்று எழுதிப் பதிவேட்டைத் திருப்பிக் கொடுத்தான். யாரும் தடுக்கவில்லை. அதற்கும் விதி இல்லை போலும்.

அன்று அவன் புளியமரத்தடியில் நிற்கவில்லை. நேராக வண்டி ஏறினான்.

தை பிறந்ததும் தபால்காரர் பஸ் நிலையத்து மேசைக்கே இன்னொரு பதிவுத் தபால் கொண்டுவந்தார். கன்னியம்மாள் பெயருக்குத்தான். கடந்த விசாரணையின்போது, நடவடிக்கை முறைப்படி முடிவதற்குள், அலுவலக அனுமதியின்றி காலை பதினொன்று நாற்பது மணிக்குப் புறப்பட்டுச் சென்றதற்குத் தங்கள் மீது ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று கேட்டிருந்தார்கள். ஐந்து பக்கக் கடிதம், கடைசியில் துணை இயக்குநரின் பச்சை மைக் கையெழுத்து.

அப்பாதுரை அதை ஒரே முறைதான் படித்தான். மறுபடியும் உறையில் போட்டு ஒட்டி, உறையின் மேல், "போய்விட்டார்" என்று எழுதித் தபால்காரரிடமே திருப்பிக் கொடுத்தான்.  வேலூர் வண்டி உள்ளே நுழைந்துகொண்டிருந்தது. அவன் கடிகாரத்தைப் பார்த்து நோட்டில் நேரத்தை எழுதினான்.